ஃபிரெட் மாற்றிய கிடார் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

கழுத்தின் விரல் பலகையில் குறுக்கே பதியும் உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளைப் புதிதாக அடித்து, தந்தி கட்டி, சுருதி சேர்த்து, முதல் கார்டைப் பிடித்ததும் எங்கோ ஓர் இடத்தில் ‘ஜர்ர்’ என்கிறது. உடனே கை அரத்தைத் தேடும். வீட்டில் இந்த வேலையைக் கற்றுக்கொள்பவர்களுக்குக் காரியம் கெடுவது பெரும்பாலும் இந்த நிமிடத்தில்தான்.

ஒரு ஃபிரெட் உயரமாகத் தெரிவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அது மரத்தில் அதற்கென வெட்டிய காடிக்குள் முழுதாக உட்காராமல் இருக்கலாம். கழுத்து வளைந்திருக்கலாம். அல்லது உண்மையிலேயே அக்கம்பக்கத்து ஃபிரெட்டைவிட அது உயரமாக இருக்கலாம். அரம் மருந்தாவது மூன்றாவதற்கு மட்டுமே. உட்காராத ஃபிரெட்டை அராவிச் சமமாக்கிவிட்டால், பின்னால் அது உள்ளே இறங்கும்போது அந்த இடம் பள்ளமாகிவிடும். அதற்கு ஈடுகட்ட மற்ற எல்லாவற்றையும் அராவ வேண்டியிருக்கும். எனவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் கேள்விகளின் வரிசை மாறாது: உட்கார்ந்திருக்கிறதா? கழுத்து நேரா? இவை இரண்டும் சரி என்றால்தான் உயரத்தைப் பற்றிய பேச்சு.

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ஃபிரெட் வயரில் மேலே வளைவாகத் தெரிவது முகடு. கீழே மரத்துக்குள் இறங்குவது நாக்கு. நாக்கின் இரு பக்கமும் மரத்தைக் கவ்வும் சின்னச் சின்ன முட்கள் உண்டு. நாக்கு இறங்குகிற வெட்டு, தச்சர்கள் சொல்லும் அதே காடி. வயரில் வழக்கமானது நிக்கல் சில்வர். செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம், வெள்ளி துளியும் கிடையாது. துருப்பிடிக்காத எஃகு வயர் நெடுநாள் தேயாது, ஆனால் அரத்தைத் தின்றுவிடும். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

இதற்கென்றே செய்த கருவிகளை எல்லாம் வரவழைத்தால் கிடாரின் விலையைத் தாண்டிவிடும். மதுரையில் இருப்பவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தெற்காவணி மூல வீதி நகைக்கடை வட்டாரத்தில் பொற்கொல்லர்களின் கருவிகளை விசாரித்து வாங்கலாம். ஊசி அரம், சிறு சுத்தியல் எல்லாம் அவர்கள் அன்றாடம் புழங்குபவை. ‘தம்பிக்குப் பட்டறை எங்கே?’ என்று கேட்பார்கள். கிடாருக்கு என்று சொன்னால் மேலும் கீழும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இடைவெளி அளக்க, இருசக்கர வாகன மெக்கானிக்குகள் டாப்பெட் சரிசெய்ய வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். சமதளத்துக்கு மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் இருக்கிறது. சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் இடத்தில் மிச்சத் துண்டு கிடைக்கும். ஃபிரெட் வயரை மட்டும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். 22 ஃபிரெட்டுக்கு ஒன்றரை மீட்டர் போதும் என்றாலும், இன்னும் அரை மீட்டர் சேர்த்து வாங்குங்கள்.

பழைய ஃபிரெட்டைப் பிடுங்கும்போதே மரம் சிராய் சிராயாகப் பெயர்கிறது

நம் ஊரில் கைக்கு வரும் கிடார்களில் விரல் பலகை பெரும்பாலும் ஈட்டி மரம் அல்லது அதைப்போல் சாயமேற்றிய வேறு மரம். நாக்கின் முட்கள் மரத்துக்குள் பல காலமாகக் கவ்விக் கிடக்கின்றன. அவற்றை மேலே இழுத்தால் காடியின் உதடுகளையும் சேர்த்துத்தான் கொண்டு வரும். இழுப்பதுதான் தவறு. ஃபிரெட்டை இழுக்கக் கூடாது, கிளப்ப வேண்டும்.

வெட்டுக் குறட்டின் முகத்தைச் சாணைக்கல்லில் தட்டையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் குறட்டில் வாயின் விளிம்பு சரிவாக இருக்கும்; அது முகட்டுக்கு அடியில் நுழையாது. தேய்த்து முடித்த குறடு பலகைமேல் படுத்தபடியே முகட்டின் விளிம்பைத் தொட வேண்டும். பிறகு 25 அல்லது 35 வாட் சால்டரிங் அயர்னின் நுனியில் ஒரு துளி ஈயம் வைத்து, முகட்டின்மேல் ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாக நகர்த்துங்கள். துளி ஈயம் சூட்டைக் கடத்துகிறது. பழைய பசை இளகும், மரத்தில் உள்ள ஈரமும் பிசினும் சற்றே நெகிழும். ஈட்டி மரமாக இருந்தால் லேசாக ஓர் இனிப்பு வாசம் வரும். புகை வந்தால் அதிகம்.

இப்போது தடித்த தந்திப் பக்கத்து ஓரத்தில் குறட்டின் வாயை முகட்டுக்கு அடியில் வைத்து, தூக்காமல், வெறுமனே அழுத்துங்கள். இரு தாடைகளும் ஆப்புப்போல் நுழைந்து ஃபிரெட்டைத் தாமே அரை மில்லிமீட்டர் கிளப்பும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி மறுபடி அழுத்துங்கள். இப்படி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்து போனால் ஃபிரெட் தானாகவே வெளியே நிற்கும். கருங்காலிப் பலகை என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அது இறுக்கமானது, அதனாலேயே எளிதில் உடைவது. மேப்பிள் பலகையில் மெருகுப் பூச்சு ஃபிரெட்டின் அடிவரை படர்ந்திருக்கும். கூரிய கத்தியால் இரு பக்கமும் கோடு கீறிவிட்டுப் பிறகு கிளப்புங்கள். இல்லாவிட்டால் பூச்சு தகடாக உரியும்.

சிராய் கிளம்பிவிட்டதா? ஊதாதீர்கள். பறந்து போன துண்டுக்குப் பொருத்தமான மாற்றுத் துண்டு உலகத்தில் கிடையாது. அது இருந்த இடத்திலேயே சாமணத்தால் அமர்த்தி, ஊசி முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர்ப் பதமான ஃபெவிக்விக் வைத்து, பிளாஸ்டிக் தாளை மேலே போட்டு அழுத்திவிடுங்கள். துண்டு தொலைந்தே போனால், அதே மரத்தின் தூளைக் குழியில் அடைத்துப் பசையைச் சொட்டலாம். காய்ந்ததும் உப்புத்தாளில் மட்டம் தட்டினால் முகட்டின் அகலமே பாதியை மறைத்துவிடும். ஈட்டி மரத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தும்மலையும் கொண்டுவரும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஃபெவிக்விக் கண்ணில் தெறிக்காமல் கண்ணாடியும்.

புதிய ஃபிரெட் உள்ளே இறங்க மறுக்கிறது

சுத்தியலை ஓங்குவதற்கு முன் காடியைப் பாருங்கள். பழைய பசையும் தூளும் அடியில் கெட்டித்துப் போயிருக்கும். விரல் பலகையை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்திருந்தால் காடியின் ஆழம் குறைந்திருக்கும், அதுவும் ஓரங்களில்தான் முதலில் குறையும். ஃபிரெட் வயரில் விரல்நீளத் துண்டு ஒன்றை வெட்டி, முகட்டை அராவித் தள்ளிவிட்டு நாக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஆழமானி. காடியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அதை நகர்த்திப் பார்க்கும்போது, நாக்கின் உயரத்தைவிடக் காடி அரை மில்லிமீட்டர் வரை அதிக ஆழம் இருக்க வேண்டும்.

காடியின் அகலம் சாதாரணமாக 0.58 மி.மீ. அளவில் இருக்கும். அதற்குள் ஹேக்ஸா பிளேடை ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும், காடியும் முடிந்துவிடும். பிளேடின் கனம் 0.6 மி.மீ.தான் என்றாலும் பற்கள் இரு பக்கமும் விரித்து வைக்கப்பட்டவை. வெட்டு அதைவிட அகலமாகத்தான் விழும். வேறு வழியில்லை என்றால் பற்களின் பக்கவாட்டை எண்ணெய்க் கல்லில் தேய்த்து விரிப்பை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மூலை முடுக்குகளைச் சுரண்ட, பொற்கொல்லர்கள் தகடு அறுக்கும் மெல்லிய ரம்ப இழை நன்றாக உதவும்.

சுத்தம் செய்த பிறகு முக்கோண ஊசி அரத்தைக் காடியின் வாய்மீது ஒரே ஒரு முறை, எடையே இல்லாமல் இழுத்துவிடுங்கள். கூரிய உதடு மழுங்கும். நாக்கு நேராக இறங்கும், முகடு பலகையோடு ஒட்டி உட்காரும். பிற்காலத்தில் இந்த ஃபிரெட்டைப் பிடுங்கப் போகிறவருக்கும் சிராய் குறையும்.

நடு உட்கார்ந்துவிட்டது, ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன

புதியவர்களிடம் அதிகம் தென்படும் குறை இதுதான். காரணம் அடியில் இல்லை, வளைவில் இருக்கிறது.

விரல் பலகை தட்டை அல்ல. நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிடாரைத் தவிர மற்றவற்றில் குறுக்கே லேசான வளைவு உண்டு. பழைய பாணி ஃபெண்டரில் அதன் ஆரம் 184 மி.மீ.; கிப்சனில் வழக்கமாக 305; மார்ட்டின் அகௌஸ்டிக்கில் 406. எண் கூடக் கூடத் தட்டையாகும். ஃபிரெட் வயரைப் பலகையின் அதே வளைவுக்கு வளைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. பலகையைவிடச் சற்று அதிகமாக வளைத்திருக்க வேண்டும். பலகை 305 என்றால் வயர் 250 அளவில். அப்போதுதான் ஓரங்கள் முதலில் மரத்தைத் தொடும், நடுவில் சிறு இடைவெளி நிற்கும். நடுவைத் தட்டும்போது வயர் பக்கவாட்டில் விரிந்து முட்கள் மரத்தைக் கவ்வும். குறைவாக வளைத்த வயர் தன் பழைய நேர்க்கோட்டுக்குத் திரும்பத் துடித்துக்கொண்டே இருக்கும், அந்தத் துடிப்புதான் ஓரத்தைத் தூக்குகிறது.

கையால் வளைக்கும்போது வயர் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். கையடக்கமான ஓர் இரும்புத் தகட்டில் மூன்று பால் பேரிங்குகளைப் பொருத்தி, நடுவில் உள்ளதை ஏற்றி இறக்க வழி செய்து, நாக்கு ஓடுவதற்கு ஒரு காடியும் கடைந்து தரும்படி புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். படம் வரைந்து கொண்டு போவது நல்லது. வாயால் சொன்னால் முறுக்குப் பிழிகிற சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடிக்கும் முறை: கழுத்தின் அடியில், நீங்கள் அடிக்கும் ஃபிரெட்டுக்கு நேர் கீழே, மணல் நிரப்பிய துணிப்பை இருக்க வேண்டும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்தால் போதும். தாங்கல் இல்லாவிட்டால் அடியின் வேகம் முழுதும் கழுத்து எகிறுவதிலேயே போய்விடும். பித்தளை முகமோ நைலான் முகமோ உள்ள சுத்தியல். முதலில் இரு ஓரங்களிலும் ஒரு தட்டு, பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. பலத்தைவிடச் சத்தத்தைக் கவனியுங்கள். உட்காராத ஃபிரெட்டில் தட்டும்போது ‘டக்டக்’ என்று பொள்ளலாகக் கேட்கும். உட்கார்ந்த கணத்தில் அது ‘தட்’ என்று கனத்துவிடும். சத்தம் மாறிய பிறகும் அடித்தால் முகட்டில் பள்ளம் விழும், அல்லது மறு ஓரம் எழும்பும்.

உட்கார்ந்ததா என்று சோதிக்க என்னிடம் இருக்கும் கருவி டவுன் பஸ் டிக்கெட். அதன் மெல்லிய விளிம்பை முகட்டுக்கும் பலகைக்கும் இடையே செருகிப் பாருங்கள். எங்கும் நுழையக் கூடாது. நுழைகிறது என்றால் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்றால், பக்கவாட்டிலிருந்து தண்ணீர்ப் பதமான ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, முகட்டின் வளைவுக்கேற்பக் குழித்த மரத்துண்டை வைத்து சி கிளாம்ப்பால் பிடித்து வைக்கலாம். பலகைமேல் முன்கூட்டியே மெழுகு பூசி வைத்தால் வழிந்த பசை கறையாகாது. மெழுகு காடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் பசை பிடிக்காது. மேப்பிளின் மெருகுப் பூச்சில் வழிந்த பசையை அசிட்டோனால் துடைக்கப் போகாதீர்கள். பசையோடு பூச்சும் வந்துவிடும். டிக்கெட் பாதி தூரம் போகிறது என்றால் பசையால் பயனில்லை. கழற்றி, புதுத் துண்டை அதிகமாக வளைத்து அடியுங்கள்; ஒரு முறை அடித்துக் கழற்றிய வயர் மறுபடி நேர்மையாக உட்காராது.

இதற்கு நேர்மாறாக ஓரங்கள் உட்கார்ந்து நடு தூக்கி நின்றால், வளைவு மிகுந்துவிட்டது அல்லது நடுவில் காடியின் ஆழம் போதவில்லை. ஆழமானியைப் போட்டுப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும்.

ஃபிரெட் எல்லாம் அடித்து முடித்ததும் கழுத்து பின்பக்கம் வளைந்துவிட்டது

நாக்கு காடியைவிடத் தடித்திருந்தால் ஒவ்வொரு ஃபிரெட்டும் ஓர் ஆப்பு. ஓர் ஆப்பு ஒன்றும் செய்யாது. 22 சேர்ந்தால் பலகையின் மேற்புறம் நீளவாக்கில் விரிந்து கழுத்தை முதுகுப் பக்கமாக வளைத்துவிடும். டிரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் இரும்புத் தண்டு) இல்லாத கிடார்களைச் செய்பவர்கள் கழுத்தை விறைப்பாக்க இதே தந்திரத்தைத் தெரிந்தே பயன்படுத்துவதுண்டு. தெரியாமல் நடந்தால்தான் தொல்லை.

பதறுவதற்கு முன் தந்தி கட்டுங்கள். சாதாரண எலெக்ட்ரிக் செட்டின் மொத்த இழுவை ஏறத்தாழ 45 கிலோ. அகௌஸ்டிக்கில் 70 கிலோவைத் தாண்டும். அந்த இழுவை கழுத்தை முன்பக்கமாகக் கொண்டுவரும். டிரஸ் ராடைத் தளர்த்தி, சுருதியில் ஓர் இரவு விட்டுவைத்து, காலையில் அளந்து பாருங்கள். முதல் ஃபிரெட்டில் காப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டின் முகட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 0.2 முதல் 0.3 மி.மீ. இருந்தால் கழுத்து நலம். டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் திருப்பாதீர்கள். வலப்பக்கம் திருப்பினால் கழுத்து பின்னால் போகும், இடப்பக்கம் திருப்பினால் முன்னால் வரும். சில மலிவு கிடார்களில் அது திருப்ப முடியாத வெறும் இரும்புக் கம்பியாகவே இருக்கும். தலைப்பகுதியிலோ ஒலித்துளைக்குள்ளோ திருகும் முனை தெரிகிறதா என்று வேலையைத் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ராடை முழுதும் தளர்த்தியும் இடைவெளியே இல்லை என்றால், நடுப்பகுதியில் சில ஃபிரெட்டுகளைக் கழற்றிக் காடியைச் சற்று அகலப்படுத்தி மறுபடி அடிக்க வேண்டும். கசப்பான வேலைதான். எல்லாவற்றையும் அராவி நேராக்கிவிடலாம் என்று ஆசை வரும். புதிய வயரின் பாதி உயரம் அதில் போய்விடும்.

ஓர் இடத்தில் அழுத்தினால் மட்டும் ‘ஜர்ர்’

ஐந்தாவது ஃபிரெட்டில் அழுத்தும்போது இரைந்தால் குற்றவாளி ஐந்து அல்ல, அதற்கு அடுத்த ஆறு. தந்தி அடுத்த ஃபிரெட்டின் முகட்டில் உரசுகிறது. சில சமயம் ஏழு, எட்டு வரைகூடத் தேட வேண்டும்.

காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்றை எடுங்கள். அதன் விளிம்பை மூன்று ஃபிரெட்டுகள்மேல் நிறுத்தி அசைத்துப் பாருங்கள். நடு ஃபிரெட் உயரமாக இருந்தால் அட்டை ‘டிக்டிக்’ என்று ஆடும். எப்போதும் மூன்றை மட்டும் தொட வேண்டும். தலைப்பக்கத்து முதல் சில ஃபிரெட்டுகளுக்கு அட்டையின் நீள விளிம்பு, நடுவில் குட்டை விளிம்பு, பன்னிரண்டாவதைத் தாண்டினால் நான்கு சென்டிமீட்டருக்கு வெட்டிய துண்டு. தடித்த தந்தியின் கீழ், நடுவில், மெல்லிய தந்தியின் கீழ் என்று மூன்று இடங்களிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே ஃபிரெட் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்திருக்கும். ஆடும் இடங்களில் மார்க்கரால் புள்ளி வையுங்கள்.

புள்ளி வைத்ததும் பஸ் டிக்கெட். நுழைகிறதா? ஒரு மரக்குச்சியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அட்டையை மறுபடி ஆட்டுங்கள். அழுத்தினால் ஆட்டம் நிற்கிறது என்றால் அது உயரமான ஃபிரெட் அல்ல, தூக்கிய ஃபிரெட். தட்டுங்கள் அல்லது பசை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். அரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அழுத்தியும் ஆடுகிறது, டிக்கெட்டும் நுழையவில்லை, கழுத்தின் வளைவும் சரி. இப்போது அராவலாம். ஓரிரண்டு ஃபிரெட் மட்டும் என்றால் பலகையை மாஸ்கிங் டேப்பால் மூடி, முகட்டில் மார்க்கரைப் பூசி, சின்னத் தட்டை அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி அட்டை, மறுபடி இரண்டு இழுப்பு. நிறையப் புள்ளிகள் விழுந்திருந்தால் மொத்தமாகச் சமப்படுத்த வேண்டும். கிரானைட் வருவது இதற்குத்தான். 40 சென்டிமீட்டர் நீளம், ஐந்து அகலம், இரண்டு கனம் உள்ள பளபளப்பான துண்டு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை இருக்கும். அதன் பளபளப்பு முகத்தில் எஃகு அளவுகோலின் விளிம்பை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் ஒழுகினால் வேறு துண்டு தேடுங்கள். சரியான முகத்தில் 320 எண் உப்புத்தாளை ஒட்டி, தந்தி கழற்றிய கழுத்தை டிரஸ் ராடால் நேராக்கி, எல்லா முகடுகளிலும் மார்க்கரைப் பூசிவிட்டு, கல்லைக் கழுத்தின் நீளவாக்கில் இழுங்கள். கல்லின் எடையே போதும். கை அழுத்தம் சேர்ந்தால் கழுத்து அமுங்கும், அமுங்கிய நிலையில் அராவிய சமம் கையை எடுத்ததும் சமமாக இருக்காது. எல்லா முகடுகளிலும் மை நடுவில் அழிந்த இடத்தில் நிறுத்துங்கள்.

புதிய வயரில் இதற்காக 0.1 மி.மீ. குறைந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. 0.3 மி.மீ. இழந்தும் சமமாகவில்லை என்றால் மேடு ஃபிரெட்டில் இல்லை, மரத்தில் இருக்கிறது. ஃபிரெட் அடிப்பதற்கு முன்பே பலகையைத் தேய்த்துச் சமப்படுத்தியிருக்க வேண்டும். கழுத்து உடலோடு சேரும் இடத்தில், அகௌஸ்டிக்கில் பதினான்காவது ஃபிரெட்டை ஒட்டி, இப்படி ஒரு மேடு எழுவது வழக்கம்.

எலெக்ட்ரிக் கிடாரில் முகட்டை மெருகேற்ற எஃகுக் கம்பளியை எடுப்பவர்கள் முதலில், தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்அப்பை டேப்பால் மூடுங்கள். அதன் காந்தம் இழுத்துக்கொண்ட எஃகுத் துகளை வெளியே எடுப்பது தனி வேலை.

இரைச்சல் இல்லை, ஆனால் ஓர் இடத்தில் ஒலி செத்துவிடுகிறது

மற்ற இடங்களில் நீளும் நாதம் இங்கே மட்டும் ‘தொப்’ என்று நின்றுவிடும். அந்த ஃபிரெட் காடிக்குள் தளர்வாக இருக்கிறது. பார்வைக்கு உட்கார்ந்ததுபோல் இருக்கும், டிக்கெட்டும் நுழையாது. நகத்தால் அல்லது சிறு குச்சியால் வரிசையாக எல்லா ஃபிரெட்டுகளையும் தட்டிக்கொண்டே போங்கள், பொள்ளல் சத்தம் காட்டிக்கொடுக்கும். காடியின் பக்கவாட்டு வாயில் தண்ணீர்ப் பதமான பசையைச் சொட்டினால் அது தானாகவே நாக்கின் ஓரமாக உள்ளே ஓடும். பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றில் இந்தப் பசை இறுக நேரம் எடுக்கும், ஏனென்றால் அது இறுகுவதே ஈரத்தைக் கொண்டுதான். கிளாம்ப்பை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

அழுத்தாத தந்தியில் மட்டும் இரைச்சல்

காரணம் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைப் பள்ளங்களில் தாங்கும் சிறு துண்டு. பழைய ஃபிரெட் தேய்ந்து தாழ்ந்திருந்தது, அந்த உயரத்துக்கு நட்டின் பள்ளம் பொருந்தியிருந்தது. புதிய ஃபிரெட் உயரமானது. நட்டின் அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்துங்கள், அல்லது புது நட் வையுங்கள். ஃபிரெட்டைத் தொடவே வேண்டாம்.

மேல் ஃபிரெட்டுகளில் தந்தியை வளைத்தால் ஒலி அறுந்துவிடுகிறது

வளைவு மிகுந்த பலகையில் தந்தியைத் தாழ்வாக வைத்திருக்கிறீர்கள். மெல்லிய தந்தியைப் பக்கவாட்டில் தள்ளும்போது அது பலகையின் நடு முதுகில் ஏறி, அடுத்த முகட்டில் முட்டி நின்றுவிடுகிறது. 184 மி.மீ. ஆரத்தில் இது இயல்பு. உடல்பக்கத்துப் பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சேடிலைச் சற்று உயர்த்துங்கள். போகவில்லை என்றால் பன்னிரண்டுக்கு மேல் அட்டைச் சோதனை.

சுருதி சேரவில்லை

முதலில் எந்த விதமாகச் சேரவில்லை என்று பாருங்கள். தலைப்பக்கத்து இரண்டு மூன்று ஃபிரெட்டுகளில் மட்டும் சுருதி ஏறி நின்றால் நட் உயரம். மேலே போகப் போக ஒரே சீராக ஏறினாலோ இறங்கினாலோ பிரிட்ஜில் சேடிலை நகர்த்த வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறினால்தான் உங்கள் ஃபிரெட் வேலையைச் சந்தேகப்பட வேண்டும்.

வீணையில் 24 மெட்டுகளும் மெழுகுக் கலவைமேல் பதித்தவை. தவறினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திவிடலாம். கிடாரில் காடி எங்கே வெட்டப்பட்டதோ அங்கேதான் ஃபிரெட். 648 மி.மீ. தந்தி நீளத்தில் முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 36.4 மி.மீ., பன்னிரண்டாவது மிகச் சரியாகப் பாதியில், 324. ஃபிரெட் மாற்றும்போது இந்த இடங்கள் மாறாது. ஆனால் முகட்டில் தந்தி தொடும் புள்ளி மாறலாம். சமப்படுத்தியபின் முகட்டின் வளைவை மீட்காமல் தட்டையாக விட்டால், தந்தி முகட்டின் நடுவில் தொடாமல் பிரிட்ஜ் பக்கத்து விளிம்பில் தொடும். தந்தி அந்த அளவுக்குக் குட்டையாகிறது, சுருதி ஏறுகிறது. அகல வயரில் இந்த நகர்வு 1.2 மி.மீ. என்று வைத்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் சுமார் 6 சென்ட், இருபதாவதில் 10 சென்ட். அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்; பத்து என்பது கேட்பவர் காதில் உறுத்தும்.

மருந்து: மறுபடி மார்க்கர். முகட்டின் இரு தோள்களையும் ஊசி அரத்தால் சரித்துக்கொண்டே வாருங்கள், நடுவில் நூல் அளவுக்கு மை மிஞ்சும் வரை. அந்த மைக்கோட்டைத் தொட்டால் உயரம் குறைந்துவிடும், சமப்படுத்திய வேலை வீண். கோடு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் எந்தத் தோளை அதிகம் சரிக்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். கோடு நடுவில் வந்ததும் 400, 600, 1000 எண் தாள்களால் மெருகேற்றுங்கள்.

ஓரங்கள் கையைக் கீறுகின்றன

வேலை முடித்த அன்றே கீறினால் ஓரத்தை மழுக்கவில்லை. 30 அல்லது 35 டிகிரி சரிவில் அராவி, மூலைகளை ஊசி அரத்தால் உருட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கீறத் தொடங்கினால் அது மரத்தின் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்து விரிந்திருந்த பலகை, அக்னி நட்சத்திர வெயிலில் குறுக்குவாக்கில் சுருங்கும். உலோகம் அப்படிச் சுருங்காது. முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஃபிரெட் மாற்றியவர்கள் ஓரத்தின் கடைசி மெருகை மட்டும் சித்திரைக்குத் தள்ளிவைப்பது நல்லது. கோடையில் மழுக்கிய ஓரம் மழையில் மரத்துக்குள் மயிரிழை ஒதுங்கும், கையை உறுத்தாது. மொட்டைமாடி அறையிலும் வெயிலில் நிறுத்திய காரிலும் கிடாரை வைக்காதீர்கள்; ஃபிரெட் மட்டுமல்ல, பிரிட்ஜின் பசையும் இளகும்.

மெல்லிய தந்தி ஓரத்தில் நழுவி விழுகிறது

ஓரத்தைச் சரிக்கும்போது கை தாராளமாகப் போய்விட்டது. முகட்டின் தட்டு குறுகி, தந்திக்கு நிற்க இடமில்லை. நட்டில் புதுப் பள்ளங்கள் வெட்டி ஆறு தந்திகளையும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் பல கிடார்களில் சரியாகிவிடும். கழுத்தை உடலோடு திருகாணியால் பூட்டியிருக்கும் எலெக்ட்ரிக் என்றால், திருகாணிகளைச் சற்றுத் தளர்த்திக் கழுத்தைப் பக்கவாட்டில் ஓர் அசைவு அசைத்துப் பூட்டினாலே போதுமான இடம் கிடைப்பதுண்டு. இரண்டும் உதவவில்லையா, எந்தெந்த ஃபிரெட்டில் நழுவுகிறதோ அவற்றை மட்டும் மிச்சம் வைத்த வயரால் மாற்றுங்கள். இந்த முறை சரிவை 30 டிகிரிக்குக் கீழே, இன்னும் செங்குத்தாக.